பின்னுக்குப் போன அறை

முத்தியால்பேட்டையில் அரிகிருஷ்ணன் வீட்டுப் படுக்கையறை 1974 ஜூலையில் ஒரு முழம் பின்னுக்குப் போனது. பின்வீட்டுக் கமருஸ்ஸமான் கயிறு பிடித்து அளந்தார். அவர் கொல்லை குறையவில்லை, அதனால் தகராறு எதுவும் எழவில்லை. காரணம் தெரிந்ததுதான். பதினாலாம் தேதி பிரெஞ்சு தேசியத் திருவிழாவில் இரும்புக் குண்டு எறியும் பெத்தாங் போட்டி. மில்லிலேயே குறி தப்பாதவன் என்று பெயரெடுத்த அரிகிருஷ்ணனின் கடைசிக் குண்டு சாக்கடையில் விழுந்தது. "நான் மனசு வெச்சி ஆடலப்பா. வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொண்டான். ஊரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. அதுதான் வினை.

மில்லில் மேஸ்திரி வேலைக்கு ஆள் எடுத்தபோது அவன் போகவில்லை. போயிருந்தால் தனக்குத்தான் என்றான். அறை தெருக்கோடித் தூரம் தள்ளிப்போனது. அப்புறம் மில்லுக்கே போகவில்லை. ஒவ்வொரு 'போயிருந்தா'வுக்கும் அறை நகர்ந்தது. கூடத்திலிருந்து பார்த்தால் கட்டில் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. மனைவி தனக்கொடி காலையில் வடித்த சோற்றை மதியத்துக்குள் சேர்க்க வாடகை சைக்கிள் மிதித்தாள். அங்கே அவன் ராஜா மாதிரி இருந்தான். ஜெயிக்க அங்கே வேறு யாருமில்லையே! பாவம், கால் கடுத்தது அவளுக்குத்தான்.

1986இல் மகள் வேம்புவுக்குக் கல்யாணம். அவளே சைக்கிளில் போய், "நைனா, நீதான் தாரை வார்க்கணும். இன்னிக்கே கெளம்பு, அப்பத்தான் முகூர்த்தத்துக்கு வந்து சேருவ" என்று அழுதாள். அவன் கிளம்பினான். வேட்டி கட்டிக்கொண்டு வருவதை வீடே பார்த்தது. இரண்டு நாள் நடந்து முகம் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டான். தலை நரைத்திருப்பது தனக்கொடிக்கே அப்போதுதான் உறைத்தது. மேளம் கேட்டதும் நின்றான். தன் கையைப் பார்த்துக்கொண்டான். அத்தனை பேர் முன்னால் செம்பு நடுங்கினால்?

"நான் வேகமா நடக்கல. நடந்திருந்தா எப்பவோ வந்திருப்பேன்" என்று அங்கிருந்தே கத்திவிட்டுத் திரும்பி நடந்தான். வேம்பு மணையிலிருந்து எழுந்தேவிட்டாள். பிடித்து உட்கார வைத்தார்கள். தாய்மாமன் சாமிக்கண்ணு தாரை வார்த்தார்.

அதன்பின் சைக்கிளும் போய்ச் சேரவில்லை. அவல் மூட்டையை மாதம் ஒருமுறை மாட்டுவண்டியில் அனுப்பினார்கள். வேம்புவின் மகன் தவழத் தொடங்கியதும், தனக்கொடி கூடத்தின் குறுக்கே ஒரு பலகையைச் சாத்தி வைத்தாள். பிள்ளை தாத்தாவைப் பார்க்கப் போனால், திரும்பி வருவதற்குள் மீசை முளைத்துவிடும்.