கழட்டிக் கொடுக்கிற கொலுசு

கிளியனூர்ப் பக்கம் பச்சைமுத்துவுக்குத் தராசுக்காரர் என்று பேர். தராசு பிடித்துப் பிழைத்தவர் இல்லை. எவன் தராசையும் நம்பாதவர், அதனால் வந்த பேர். மல்லாட்டைக் கடலை மூட்டையைத் திண்டிவனத்துக்கு ஏற்றும் முன்னால் வீட்டிலேயே ஒரு தடவை நிறுத்துவிடுவார். பால் ஊற்றப் போனால் சொசைட்டிக்காரன் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். சொந்த மகன் செல்வகுமார் போன் பண்ணி, "சாப்ட்டியாப்பா?" என்று கேட்டால்கூட, "இன்னா வேணும், அத்த மொதல்ல சொல்லு" என்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நம்பினார். அது போட்டி. போட்டி என்று வைத்துவிட்டால் பொய் நிற்காது, எவன் ஆள், எவன் வெத்து என்று வெளியே வந்துவிடும் என்பது அவர் கட்சி. வாலிபத்தில் கபடி ஆடினவர், வேறு எப்படி நினைப்பார்?

அவருக்குப் பேத்திகள் இரண்டு பேர். மலர்விழி மகன் வீட்டுப் பெண். திண்டிவனத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம், வேன், டை, பூட்ஸ். சங்கவி மகள் கலைப்பிரியா பெற்ற பெண். விழுப்புரத்தில் சாதாரணத் தமிழ்ப் பள்ளிக்கூடம், அப்பா ஓட்டுகிற ஷேர் ஆட்டோவில் போய் வருவாள். இரண்டும் ஒரே வயசு, ஒரே வகுப்பு. அதுவே பச்சைமுத்துவுக்கு வசதியாகப் போய்விட்டது.

ஒரு பொங்கலுக்கு ஊரில் கபடி நடந்தது. ஜெயித்தவர்களுக்குச் சுழற்கோப்பை. அடுத்த வருஷம் தோற்றால் அவர்களே அதைத் தூக்கிவந்து மேடையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அதைப் பார்த்துவிட்டு வந்தவர், மறு வாரமே திண்டிவனம் போய்க் கெட்டியாக ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வாங்கிவந்தார்.

"ரெண்டு பேத்திக்கு ஒரு ஜோடியா? ஆளுக்கு ஒத்தக் காலுல மாட்டிக்கினு நொண்டி ஆடுங்களா?" என்றாள் அம்சா, அவர் பெண்சாதி.

"எது கப்பு, ஷீல்டு வாங்கியாருதோ அதுக்கு ஒரு வருஷம். அடுத்த வருஷம் இன்னொண்ணு ஜெயிச்சா, போட்டுக்கினு இருக்கறது தன் கையால கழட்டிக் குடுக்கணும். எல்லாரும் பாக்கக் குடுக்கணும். அப்பதான் ரோஷம் வரும், படிப்பு வரும்."

"நல்லா வரும்" என்று சொல்லிவிட்டு அம்சா அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

முதல் வருஷம் கொலுசு மலருக்குப் போனது. அடுத்த வருஷம் கையெழுத்துப் போட்டியில் சங்கவிக்கு முதல் பரிசு. காணும் பொங்கல் அன்றைக்குக் கறிச்சோறு தின்றுவிட்டு சொந்தக்காரர்கள் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருக்க, பச்சைமுத்து மலரை நடுவில் நிற்கவைத்தார்.

"கழட்டு மலரு."

குழந்தை குனிந்து திருகாணியைத் திருகியது. ஒரு வருஷம் கழட்டாத திருகாணி, அழுக்கேறி இறுகிக் கிடந்தது. விரல் வழுக்கியது. "ஆட்சி மாறிப்போச்சு மலரு, நாற்காலிய வுட மாட்டேன்றியே" என்று பங்காளி ஒருவர் சொல்ல, கூடமே சிரித்தது. மலர் நிமிர்ந்து எல்லார் முகத்தையும் பார்த்தாள். மறுபடி குனிந்தாள். தொடை இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டாள். அடுத்த நிமிஷம் பாவாடை நனைந்து காலடியில் ஈரம் பரவியது.

சிரிப்பு சட்டென்று நின்றுபோயிருக்கும். நிற்கவிடாமல் பண்ணினவர் பச்சைமுத்துதான்.

"இன்னாடி, தோத்த துக்கத்துல மோட்டாரு போட்டு வுட்டுட்ட?"

கூடம் அதிரச் சிரித்தார்கள். மருமகள் ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கொலுசு மட்டும் கழன்று வெளியே வந்தது. ஈரத்தைத் துண்டில் துடைத்து, சங்கவியை மடியில் உட்காரவைத்து, தானே மாட்டிவிட்டார். சங்கவி கண் ஈரமான தரையை விட்டு நகரவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை. மோட்டார் கதையை டீக்கடையில் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தப் பொங்கலுக்குச் சங்கவி கையில் ஒரு கப்புடன் வந்திறங்கினாள். மாவட்ட அளவில் ஓவியப் போட்டியாம், முதல் பரிசாம். இரண்டு பக்கமும் காது வைத்து, முழங்கை உயரத்துக்குத் தங்கக் கலரில் மின்னியது. மலர் வெறுங்கையோடு வந்து, அம்மா முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"இங்கிலீஷ் ஸ்கூலு, வேனு, பூட்ஸு, கடசில இன்னா? கையில ஒண்ணும் காணோம்" என்றார் பச்சைமுத்து மகனைப் பார்த்து. செல்வகுமார் தட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கொலுசு சங்கவி காலிலேயே தங்கியது.

யார் தராசையும் நம்பாதவர் அந்தக் கப்பை மட்டும் நிறுத்துப் பார்க்கவில்லை. ஒரே ஒரு குறைதான் அவர் கண்ணில் பட்டது. அதில் பேர் இல்லை.

"பேரு வெட்டாம குடுத்திருக்கானுங்க பாரு. நாளைக்கே வந்து எங்க கப்புன்னு தூக்கிக்கினு போவானுங்க. இவனுங்க சங்கதி எனக்குத் தெரியாதா?"

பொங்கல் கழிந்த சனிக்கிழமை காலையிலேயே விழுப்புரத்துக்கு வந்துவிட்டார். கப்பை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, "வாடி, உன் பேரும் என் பேரும் சேத்து வெட்டிக்கினு வந்துடலாம்" என்று சங்கவியைக் கூப்பிட்டார்.

"வயிறு வலிக்குது தாத்தா."

"வழியில சோடா வாங்கித் தர்றேன், கெளம்பு."

"நீங்க மட்டும் போங்களேன் தாத்தா."

"உன் பேர நான் தப்பா சொல்லிட்டா? இங்கிலீஷ்ல எழுதிக் காட்ட எனக்குத் தெரியுமா?" கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

கப்பு, ஷீல்டு விற்கிற கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து வீதியில் இருந்தது. கடையில் ஆரோக்கியசெல்வி என்கிற நடுத்தர வயசுப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் பெரியவரைப் பார்க்கவில்லை. அவர் வேட்டிக்குப் பின்னால் ஒதுங்கின குழந்தையைத்தான் முதலில் பார்த்தாள்.

"அட, பாப்பா! இன்னா, டீச்சருக்குக் கப்பு புடிச்சிருந்துச்சா?"

பச்சைமுத்து மஞ்சப்பையை மேஜைமேல் வைத்தார். "எந்த டீச்சரு?"

"இவங்க கிளாசுல போட்டியாமே, டீச்சரு வாங்கியாரச் சொன்னாங்கன்னு உண்டியல ஒடச்சி எடுத்துக்கினு வந்துச்சே. முதல் பரிசுன்னு தகடு ஒட்டச் சொன்னுது. எந்தப் போட்டின்னு கேட்டேன், எதுன்னா போடுங்க அக்கான்னுது. நான்தான் ஓவியம்னு போட்டேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் பெரியவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "ஏன் பெரியவரே, எதுனா தப்பா?"

பச்சைமுத்துவுக்குக் காது அடைத்துக்கொண்டது. "தப்பு ஒண்ணும் இல்லம்மா" என்று பையை எடுத்துக்கொண்டார். பேர் வெட்டுகிற பேச்சையே எடுக்கவில்லை.

கோபம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தாங்கியது. அங்கே ஒரு சிமென்ட் பெஞ்சில் அவளைத் தள்ளி உட்காரவைத்தார்.

"திருட்டுக் கழுத! யாரை ஏமாத்தப் பாக்கற? கழட்டு. இந்த நிமிஷமே கழட்டு கொலுச."

"தாத்தா, இங்க வேணாம் தாத்தா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! கழட்டுடி!"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா பூக்கட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நின்ற காலேஜ் பையன்கள் பார்த்தார்கள். சங்கவி காலைத் தூக்கி வைத்துத் திருகாணியைப் பிடித்தாள். விரல் வழுக்கியது. நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள். பிறகு தொடை இரண்டையும் இறுக்கி ஒட்டி வைத்துக்கொண்டாள்.

பச்சைமுத்து இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறார். அவர் வீட்டுக் கூடத்தில், அவர் போட்ட போட்டியில், அவர் சிரிக்கச் சிரிக்க.

"போதும். எடு கைய" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "ஏண்டி கண்ணு இப்பிடிப் பண்ண? ஒரு கொலுசுக்காகவா?"

"எனக்குக் கொலுசு வேணும்னு இல்ல தாத்தா." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மலரு ஜெயிச்சிட்டான்னா நான் கழட்டணும். எனக்கும் அந்த மாதிரி வந்துட்டா? நீங்க எல்லார்கிட்டயும் சொல்லுவீங்க."

மலருக்கு வந்ததை வாயால் சொல்லக்கூட அந்தக் குழந்தைக்கு மனசு வரவில்லை. அவர் டீக்கடை டீக்கடையாகச் சொல்லியிருக்கிறார்.

சங்கவியே காலை அவர் பக்கம் நீட்டி, "நீங்க கழட்டிடுங்க தாத்தா. எனக்கு வேணாம்" என்றாள்.

பச்சைமுத்து வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுத் தரையில் உட்கார்ந்தார். பேத்தியின் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மண்வெட்டி பிடித்த விரல், அந்தத் துக்கடாத் திருகாணி அதில் அகப்படவே மாட்டேன் என்றது. முதுகில் எத்தனை கண் குத்துகிறது என்று அவருக்குத் தெரிந்தது. பையன்களில் ஒருவன், "தாத்தா, அடகுக் கடை எட்டு மணி வரைக்கும் தொறந்திருக்கும், மெதுவா கழட்டு" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு நெற்றியில் வேர்த்துக் கண்ணில் இறங்கியது. இவ்வளவு கஷ்டமான வேலையையா ஒரு குழந்தையைப் பண்ணச் சொன்னோம் என்று நினைத்தார்.

"எச்சி தொட்டுத் திருப்புங்க பெரியவரே" என்றாள் பூக்காரம்மா. அவள் மட்டும் சிரிக்கவில்லை. எச்சில் தொட்டுத் திருகினார். ஒன்று வந்தது. அப்புறம் இன்னொன்றும் வந்தது.

கப்பை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகச் சங்கவி மாட்டேன் என்றாள். கொலுசை அந்தக் கப்புக்குள்ளேயே போட்டுப் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வீட்டு வாசலில் கலைப்பிரியா, "கப்பு எங்கப்பா?" என்றாள்.

"பேரு வெட்டணும்ல, நேரமாவும்."

"கால்ல கொலுசையும் காணோம்?"

"திருகாணி தேஞ்சிருக்கு. ஆசாரிகிட்ட குடுக்கணும்."

"சரிப்பா" என்றாள் மகள். அவ்வளவுதான். பையில் என்ன என்று கேட்கவில்லை. அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டாள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மனுஷனுக்கு அந்த நம்பிக்கை சுருக்கென்று குத்தியது. சங்கவி கதவுக்குப் பின்னாலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கிளம்பினார்.

திண்டிவனத்தில் இறங்கி மகன் வீட்டுக்குப் போனார். செல்வகுமார் வேலைக்குப் போயிருந்தான். "வாங்க மாமா" என்று மருமகள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நிலைப்படிக்குப் போய் நின்றுகொண்டாள். மலர் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அவர் கொலுசை எடுத்து வெளியே நீட்டினதுதான் தாமதம், மலர் இரண்டு காலையும் மேலே இழுத்துப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"இது உனக்குத்தான் மலரு. இனிமே கழட்ட வேணாம்."

"சங்கவிதானே ஜெயிச்சா?"

"அது... இல்ல. அந்தப் பேச்ச வுடு."

"அவள கழட்ட வச்சீங்களா தாத்தா?"

"நான்தான் கழட்டினேன்."

"எல்லாரும் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"சிரிச்சாங்களா?"

"என்னப் பாத்துதான் சிரிச்சாங்க."

மலர் அவர் முகத்தையே பார்த்தாள். அது நிஜமா, பொய்யா என்று அவள் எடைபோடுவது அவருக்குத் தெரிந்தது. அந்தப் பார்வை அவருடையதேதான். அவரிடமிருந்து வேறு எதையும் எடுத்துக்கொள்ளாத குழந்தை அதை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது.

"சங்கவிக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றாள், மெதுவாக.

"இல்லம்மா. ஒண்ணும் ஆவல."

"அப்ப சரி. எனக்கு வேணாம் தாத்தா, நீங்களே எடுத்துக்கினு போங்க." காலை வெளியே விடாமலே நோட்டை இழுத்து மறுபடி எழுத ஆரம்பித்தாள்.

அன்றைக்குச் சிரித்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் வந்தார். வாய்வரை வந்தது. மருமகள் நிலைப்படியில் நின்றிருந்தாள். கொலுசைக் கப்புக்குள் திரும்பப் போட்டார். "வர்றேன்" என்று மட்டும் சொன்னார். போய்வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

பாண்டிச்சேரி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவுக்கு, மஞ்சப்பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கப்பின் காது கண்ணில் பட்டது.

"கப்பா? பேத்தி ஜெயிச்சுதா?"

"இல்ல."

"பின்ன யாரு?"

பச்சைமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் கப்புக்குள் கொலுசு கலகலவென்று சிரித்தது. முன் ஸீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். பச்சைமுத்து பைக்குள் கையை விட்டுக் கொலுசைச் சத்தம் வராமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கிளியனூர் வந்து கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகும் கையை வெளியே எடுக்கவில்லை.