ஏசுபாதத்துக்கு ஒரு வழி

பயப்படுவதற்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது, கண்ணுகளா? கல்யாணிக்கு அது நடந்தது நல்ல உச்சிவெயிலில்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஓர் இறால் குஞ்சுப் பொரிப்பகம். ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையைவிட்டுத் தள்ளி மறுபடி கட்டியது. அங்கே கம்ப்யூட்டர்களையும் ரூட்டரையும் பார்த்துக்கொள்பவள் கல்யாணி. தொட்டித் தண்ணீரில் காற்று குறைந்தால் ரூட்டர் வழியாகச் செங்கல்பட்டு ஆபீசுக்குச் செய்தி போகும். எந்தப் பம்பைத் திருப்புவது என்று அங்கிருந்து போனில் சொல்வார்கள். போன வாரம் செய்தி தாமதித்து ஒரு தொட்டிக் குஞ்சுகள் செத்து வெளுத்து மிதந்தன. இன்னொன்று போனால் இழுத்து மூடிவிடுவேன் என்றார் முதலாளி. வேலை செய்பவர்களோ அலையில் எல்லாம் பறிகொடுத்த குப்பத்துக்காரர்கள்.

செங்கல்பட்டு லைன் ஏன் அடைத்துக்கொள்கிறது என்று கல்யாணி பார்த்தாள். ஒரே நம்பரிலிருந்து ஏதோ ஓயாமல் செங்கல்பட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அது ஏசுபாதத்தின் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருந்த நம்பர். கரையோரப் பழைய கொட்டகையில் உட்கார்ந்திருந்தவன். அலை அவனையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துத்தான் கொண்டுபோனது. போனவன் நம்பரை வேறு எவருக்கும் தருவதில்லை என்பது பொரிப்பகத்தில் யாரும் சொல்லாமலே வந்த வழக்கம்.

"ஒவ்வொரு ஒயரா புடுங்கிப் பாத்துட்டேன்க்கா. அந்த நம்பர்ல மிஷினே கெடையாது," என்றான் கூட வேலை பார்க்கும் பார்த்திபன்.

"அப்போ யாரு அனுப்பறது?"

"இன்னாக்கா, என்னையக் கேக்கற? நானா அனுப்பிகினு கீறேன்?"

அதுவரை ரூட்டரில் இருந்தது ஸ்டாடிக் ரூட். செங்கல்பட்டுக்கா, இந்த லைனில் போ என்று கையால் எழுதி வைத்த ஒற்றை வழி. எங்கே போகிறாய் என்று பார்க்குமே தவிர, நீ யார் என்று கேட்காது. பாலிசி ரூட்டிங் என்றால் அனுப்புகிறவர் யாரென்று பார்த்து, இன்னாருக்கு இன்ன வழி என்று பிரித்துவிடும். ஒவ்வொருவருக்கும் பெயர் வைத்து ஒரு விதி எழுத வேண்டும், அவ்வளவுதான்.

"பாலிசி போட்டு அந்த நம்பரக் குப்பையில தள்ளுக்கா. பேஜாரு வுட்டுது."

"ஏசுபாதத்தையா? மனசு வருதாடா உனக்கு?"

பார்த்திபன் விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினான்.

மொட்டைமாடியில் ஒயரில்லாமல் செய்தி அனுப்பும் ரேடியோ தட்டு ஒன்று, பழைய கொட்டகையைப் பார்த்தபடி நின்றது. எதிர்த்தட்டு கடலோடு போய்விட்டதால் ரூட்டரில் அதன் விளக்கு அணைந்தே கிடந்தது. ஏசுபாதம் என்று பெயரிட்டு, அவன் நம்பரை அந்தப் பக்கம் திருப்பி விதி எழுதினாள் கல்யாணி.

"அந்தாண்ட முனையே இல்லியேக்கா. செத்த லைனுன்னா ரூட்டரு உன் பாலிசிய மதிக்காது, பழைய வழியிலயே வுட்டுடும்."

"தெரியும். மொதல்ல அவனுக்கு ஒரு வழி காட்டறேன். அப்புறமா குப்பையில தள்ளு."

பட்டனைத் தட்டினாள். அணைந்து கிடந்த விளக்கு பச்சையாக எரிந்தது.

லைன் சட்டென்று காலியானது. போன் மணி அடித்தது. மூன்றாம் தொட்டி என்றார்கள். பம்புக்காரர் தனகோடி ஓடினார். குஞ்சுகள் பிழைத்தன. மாடிக்கு ஓடிய பார்த்திபன் வெளிறிப்போய் இறங்கி வந்தான்.

"தட்டுக்கு நேரா தண்ணிதான்க்கா கீது. வேற ஒண்ணுமே இல்ல."

கல்யாணி திரையைக் காட்டினாள். அந்தத் தட்டின் வழியாக இப்போது உள்ளேயும் ஏதேதோ வந்துகொண்டிருந்தது. ஏசுபாதத்தின் நம்பர் அல்ல. யாரும் யாருக்கும் கொடுக்காத நம்பர்கள். எல்லாம் செங்கல்பட்டுக்கு. ஸ்டாடிக் ரூட் எதையும் கேட்காமல் அனுப்பிக்கொண்டே இருந்தது. லைன் மறுபடி அடைக்கத் தொடங்கியது.

"தட்டோட ஒயரப் புடுங்குக்கா!"

"புடுங்கினா ஏசுபாதம் திரும்ப இந்த லைனுக்கே வருவான். தொட்டி போயிடும்."

ஈரக் கையோடு வந்து நின்ற தனகோடியை அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணே, அலையில உங்க குப்பத்துல போனவங்க பேரச் சொல்லுங்க."

"இன்னாத்துக்குமா?"

"ஒவ்வொருத்தரா பேரு போட்டுத்தான் திருப்பி அனுப்ப முடியும்."

தனகோடி குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். அவர் ஒரு பெயர் சொல்ல, அவள் ஒரு விதி எழுத, ஒரு நம்பர் கடல் பக்கம் திரும்பியது. கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது.

"இது யாருண்ணே?"

"அது எம் பொண்ணு." கையை லுங்கியில் துடைத்தார். "அவ பேர மட்டும் சொல்ல மாட்டேம்மா."

அந்த ஒற்றை நம்பர் லைனை அடைக்காமல், சிறுநடையாகச் செங்கல்பட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டாடிக் ரூட் அதை யாரென்று கேட்கவில்லை. கல்யாணியும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.