வெறும் எண்கள்

ஸ்பீக்கர் பெட்டியை வேனிலிருந்து இறக்கும்போது அது நழுவி என் இடது கை மோதிர விரலை முறித்துவிட்டது. பேஸ் கிட்டார் வாசிப்பவனுக்கு அந்தக் கை போனால் மேடையில் நிற்கத்தான் லாயக்கு. சனிக்கிழமை ஹோட்டலில் கச்சேரி. எனக்குப் பதிலாக யார் என்று எங்கள் இசைக்குழுத் தலைவர் யோசிப்பதற்குள் என் மனைவி தன் தம்பியை முன்னால் தள்ளிவிட்டாள்.

என் மச்சினன் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன். என் பழைய பேஸை வாங்கிப் போய்த் தானாகவே கற்றுக்கொண்டவன். தலைவர் புதிதாக இன்னொரு குழு தொடங்குவதாக இருந்தார். பையன் தேறினால் அதில் நிரந்தர இடம் தருவதாகச் சொன்னார். கிடங்குக் குளிரிலிருந்து அவன் தப்பிக்கலாம். எனக்கு இதில் ஒரு நட்டமும் கிடையாது. இருந்தும் வயிறு எரிந்தது. எத்தனையோ வருடமாக நான் வாசித்து வந்ததை, நேற்று வந்தவன் வாசித்துக் கைதட்டு வாங்குவதா?

பாட்டுகளுக்கு ‘டேப்’ எழுதித் தரச் சொன்னான் மச்சினன். ஒலிநாடா இல்லை, கிட்டார்காரர்கள் தாளில் எழுதும் எண் குறிப்பு. நாலு கம்பிக்கு நாலு கோடு. மேல்கோடு மெல்லிய கம்பி, கீழ்க்கோடு தடித்த கம்பி. புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு முழிப்பார்கள். கோட்டின் மேல் இருக்கும் எண், கிட்டாரின் கழுத்தில் எத்தனையாவது கட்டத்தில் விரல் வைக்க வேண்டும் என்று சொல்லும். நான் எழுதிய எண்களில் ஒன்றுகூடத் தப்பில்லை. சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்.

நான் விட்டது எண்களுக்கு நடுவே வரும் சின்னக் குறிகளை. h போட்டால் வலது கை ஒரு முறைதான் சுண்டும், அடுத்த ஸ்வரத்தை இடது விரலே குத்தி எழுப்பும். p என்றால் விரலை இழுத்து விட்டு எழுப்புவது. சாய்கோடு போட்டால் விரலை எடுக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். x என்றால் கம்பியைப் பொத்திக்கொண்டு அடிக்கும் வெறும் ‘டக்’. இவை இல்லாமல் வாசித்தால் தப்பு என்று ஒருவரும் சொல்ல முடியாது. நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போது மனைவி டீ கொண்டு வந்து வைத்தாள். வலியோடு உட்கார்ந்து தம்பிக்காக இப்படி மெனக்கெடுகிறேனே என்று நெகிழ்ந்துபோனாள். அந்த டீ எனக்கு இறங்கவில்லை. ஆனால் பேனாவை எடுத்து ஒரு சாய்கோடாவது போட்டேனா என்றால், இல்லை.

சனிக்கிழமை அவன், நான் எழுதிக் கொடுத்ததை எழுதியபடியே வாசித்தான். தாளம் பிசகவில்லை. டிரம்ஸ்காரர் இரண்டு மூன்று தடவை அவன் பக்கம் திரும்பிப் பார்த்தார், எதையோ எதிர்பார்த்து. அது வரவில்லை. முன்வரிசையில் இருந்த நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் தலைவர் போன் செய்து, கை சுத்தம்தான் என்றும் வாசிப்பு உப்புச் சப்பில்லாமல் இருக்கிறது என்றும் சொன்னார். இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. மனைவி கேட்டபோது, தம்பிக்கு இன்னும் கைவரவில்லை என்றேன். கூசாமல் சொன்னேன்.

அடுத்த வாரம் பேஸைத் திருப்பிக் கொடுக்க வந்தான். கிடங்கில் கூடுதல் ஷிஃப்ட் கேட்டு வாங்கியிருக்கிறானாம், இனி நேரமிருக்காதாம். அவன் குடிக்கத் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். அப்போதுதான் கேட்டது. ஆம்ப்ளிஃபையர் இல்லாமல், மெல்ல, என் பாட்டு. குத்தி எழுப்பினான், இழுத்து விட்டான், நான் வழுக்குகிற அதே இடத்தில் என்னைவிட அழகாக வழுக்கினான். என்னைக் கண்டதும் கம்பிகளை உள்ளங்கையால் பொத்தினான்.

"அன்னைக்கு ஏன் இப்படி வாசிக்கல?"

"நீங்க எழுதலையே மாமா."

"தெரிஞ்சிருக்குல்ல உனக்கு?"

"எத்தனை கச்சேரியில கேட்டிருக்கேன். தெரியாம இருக்குமா?" பேஸை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். "நீங்க மறக்கிற ஆள் இல்ல. வேணாம்னுதான் விட்டிருக்கீங்கன்னு புரிஞ்சுது. உங்களுக்குப் பிடிக்காததை உங்க முன்னாடியே எப்படி வாசிக்கிறது?"

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அக்காகிட்ட சொல்லாதீங்க. அவ தாங்க மாட்டா."

சமையலறையிலிருந்து அவள், மாமனும் மச்சினனும் அப்படி என்ன ரகசியம் பேசுகிறீர்கள் என்று கேட்டாள். வேண்டாம் என்று அவன் தலையசைத்தான். அவளை இங்கே வரச் சொன்னேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே சிரித்த முகமாக வந்து நின்றாள்.

"தம்பிக்குக் கைவரலைன்னு சொன்னேன்ல," என்றேன். "அது பொய்."