வலித்தால் இடது கையைத் தூக்கவும்

இரண்டு பல் டாக்டர்கள் ஒரே மலையில் நான்கு நாள் ஏறி இறங்கக் கிளம்பினார்கள், ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசாமல். இத்தனைக்கும் இருவரும் சகலைகள். அக்காவைக் கட்டியவர் பெரிய டாக்டர், தங்கையைக் கட்டியவர் சின்ன டாக்டர். தெரு வைத்த பெயர்கள் அவை. ஆளைப் பார்த்தால் சின்ன டாக்டர்தான் ஒரு சாண் கூடுதல் உயரம். அந்தப் பெயர் அவருக்கு அறவே பிடிக்காது. பிடிக்காது என்று தெரிந்ததாலேயே பெரிய டாக்டருக்கு அது மிகவும் பிடிக்கும்.

கல்லூரியில் ஒரே பெஞ்சு, விடுதியில் ஒரே அறை. பிறகு ஒரே வீட்டில் பெண் எடுத்து, ஒரே தெருவில் எதிரெதிரே கிளினிக்கும் போட்டார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மளிகைக்கடைக்காரர் ஆடிக்கொண்டிருந்த ஃபில்லிங்கோடு பெரிய டாக்டரிடம் வந்து வாயைத் திறந்தார்.

"யாரு போட்டது இது? ஆறு மாசம்கூடத் தாங்காதே!" என்று சொல்லிவிட்டார் பெரிய டாக்டர். சொன்ன பிறகுதான் எதிர் கிளினிக்கில் போட்டது என்று தெரிந்தது. தெரிந்த பிறகாவது சும்மா இருந்திருக்கலாம். "அதானே பார்த்தேன்" என்று வேறு சொல்லிவைத்தார்.

மளிகைக்கடைக்காரர் நேரே ரோட்டைக் கடந்து போய் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டார். மறுவாரம் சின்ன டாக்டர் வாசலில் 'எங்கள் வேலை ஆயுளுக்கும் நிற்கும்' என்று ஒரு போர்டு ஏறியது. அதற்கடுத்த வாரம் பெரிய டாக்டர் வாசலில் அதைவிடப் பெரிய போர்டு ஏறியது. அன்றோடு பேச்சு நின்றது. நடுவில் இருந்தது முப்பதடி ரோடு. ஒன்பது வருடமாக இருவரில் ஒருவரும் அதைத் தாண்டவில்லை.

மலை ஏறுவது பெரிய டாக்டரின் மனைவிக்கு இருந்த ஆசை. இன்சூரன்ஸ் ஆபீசில் மேலாளர் அவர். ஐம்பது வயது நிறைந்தபோது, நகை வேண்டாம், புடவை வேண்டாம், எனக்கு அந்த உச்சி வேண்டும் என்று சொல்லிவிட்டார். சும்மா சொல்லவில்லை. ஒரு வருடம் லிஃப்டைத் தொடாமல், முதுகுப் பை நிறையப் பழைய ஃபைல்களை அடைத்துக்கொண்டு, ஆபீசின் எட்டு மாடியையும் தினம் இரண்டு தடவை ஏறி இறங்கினார். ஆபீசே சிரித்தது. அவர் சட்டை செய்யவில்லை. துணைக்குத் தங்கையைக் கூப்பிட்டார். தங்கை தன் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு வந்தார். அக்காவும் தங்கையும் கூடிப் பேசி வைத்துச் செய்த வேலை இது என்றுதான் நான் நினைக்கிறேன். கேட்டால் இருவரும் சத்தியம் பண்ணாத குறையாக மறுப்பார்கள்.

கைடு ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும், பேச்சில் படு சிக்கனம். மலையடிவாரத்தில் எல்லோருடைய பைகளையும் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தார். பிறகு, "முதல் நாள் காடு. ரெண்டாம் நாள் பாறை, ஏரிகிட்ட கூடாரம். மூணாம் நாள் உச்சிக்குப் போயிட்டுத் திரும்ப ஏரிக்கு. நாலாம் நாள் கீழ. கைடு நான் ஒருத்திதான். ஒருத்தருக்கு முடியலைன்னா எல்லாரும் இறங்கணும். யாரையும் தனியா விட மாட்டேன்," என்றார்.

சின்ன டாக்டரின் பை மட்டும் அரைக் கிலோ கூடுதலாக இருந்தது. உள்ளே ஒரு எவர்சில்வர் டப்பா. அதை வண்டியிலேயே வைத்துவிடச் சொன்னார் கைடு. முடியவே முடியாது என்று அதை மார்போடு அணைத்துக்கொண்டார் சின்ன டாக்டர்.

"மலைக்கு வந்தும் கடையைத் தூக்கிட்டு வந்திருக்கான் பாரு," என்று பெரிய டாக்டர் மனைவியின் காதில் சொல்லிச் சிரித்தார். ஒன்பது வருடத்தில் சகலையால் அவருக்குக் கிடைத்த முதல் சிரிப்பு அது.

அந்தச் சிரிப்பு மாலை வரைதான் நின்றது. முதல் நாள் கூடாரத்தில் உட்கார்ந்து வறுத்த பாதாமைக் கடித்தார். வலது கீழ்த்தாடையில் நறுக்கென்று ஒரு சத்தம். கல்லோ என்னவோ என்று விழுங்கிவிட்டு, மேலே தண்ணீரைக் குடித்தார். பிடரி வரை மின்சாரம் பாய்ந்தது. நாக்கை விட்டுத் துழாவினார். கடைசிப் பல்லுக்கும் அதற்கு முந்தின பல்லுக்கும் நடுவில் ஒரு பள்ளம். எந்தப் பல் என்று நாக்குக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் டாக்டருக்குத் துளியும் சந்தேகமில்லை.

அந்த முந்தின பல்லில் ஒரு வெள்ளி ஃபில்லிங் உண்டு. கல்லூரி மூன்றாம் வருடத்தில், பரீட்சைக்குப் பழக ஆள் கிடைக்காமல், சகலைகள் ஆகப்போவது தெரியாத அந்த இரண்டு பையன்களும் ஒருவர் வாயில் ஒருவர் கைவரிசை காட்டியபோது சின்ன டாக்டர் போட்டது. 'கழன்று விழுந்துவிட்டதா! அப்பவே சொன்னேனே, இவன் வேலை நிற்காது என்று!' வலியில் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, மனசுக்குள் வெற்றிவிழா நடக்கிறது. கண்ணாடி வாங்கிப் பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. தெரிந்த குற்றவாளிக்கு விசாரணை எதற்கு?

வெற்றிவிழா படுத்ததும் முடிந்தது. படுத்தால் ரத்தம் தலைக்கு ஏறி வலி தவிலடிக்கும் என்பது அவர் ஆயிரம் பேருக்குச் சொன்ன விஷயம். அன்றைக்கு அதைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, பையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். கையில் இருந்தது நான்கு வலி மாத்திரை. விடிவதற்குள் நான்கும் தீர்ந்துவிட்டன.

இரண்டாம் நாள் பாறை. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் குதிகாலில் கிளம்பிய அதிர்வு நேரே பல்லில் போய் முட்டியது. குளிர்காற்று வாய்க்குள் போனால் போச்சு. அதனால் மஃப்ளரைத் தாடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மூக்கால் மட்டுமே மூச்சு விட்டு ஏறினார். மூக்கு மூச்சு போதாததால் நடை தானாக நிதானமானது. வலியென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பார்கள். அவரால் அது ஒன்றுதான் முடியவில்லை. இருபத்தைந்து வருடமாக ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "சும்மா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்லிவந்ததை நினைத்துப் பார்த்தார். எவ்வளவு பெரிய புளுகு! திரும்பிப் போனதும் நோயாளிகள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்மானித்தார்.

வேடிக்கை என்னவென்றால், கைடுக்கு அவர் நடை மிகவும் பிடித்துப்போனது. "சாரைப் பாருங்க. பேசறதே இல்ல, அவசரப்படறதில்ல. இப்படித்தான் ஏறணும்," என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தார். மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் இந்த மனிதர் பேசாமல் இருந்து அவர் கண்டதில்லை.

ஏரிக்கரையில் கூடாரம் அடித்தபோது மணி மூன்று. சுள்ளென்று வெயில். தங்கை சூப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். ஒரு வாய் வைத்ததும் பெரிய டாக்டர் "ஆ!" என்று துள்ளி எழுந்தார், டம்ளர் உருண்டு ஓடியது.

"என்ன மாமா, சூப் அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"பல்லு," என்றார். வேறு வழியில்லை.

கைடு வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "எப்போலேர்ந்து சார்?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து."

"நாளைக்கு மேல காத்து இதைவிட ஜாஸ்தி. வலியில கால் தடுமாறினா என்னால பிடிக்க முடியாது. சரியாகலைன்னா காலைல கீழதான்." சொல்லிவிட்டு அவர் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

மனைவி திட்டுவார் என்று பெரிய டாக்டர் காத்திருந்தார். எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று தோளைக்கூடக் குறுக்கிக்கொண்டார். ஆனால் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கணவரின் மஃப்ளரைச் சரியாகக் கட்டிவிட்டார். பிறகு நாளைக்கென்று எடுத்து வெளியே வைத்திருந்த கையுறைகளை மறுபடியும் பைக்குள் வைத்தார்.

"பரவாயில்லைங்க. இவ்வளவு தூரம் வந்ததே பெருசு. இறங்கிடலாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதை அவரால் தாங்க முடியவில்லை. எட்டு மாடி, தினம் இரண்டு தடவை, ஒரு வருடம். எல்லாம் அந்தப் பைக்குள் மடங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்ன டாக்டரின் கூடாரம் பத்தடி தள்ளி இருந்தது. அவர் வாசலில் உட்கார்ந்து, ஒன்றும் காதில் விழாதவர்போலப் பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். பெரிய டாக்டர் எழுந்தார். நேரே போய் அவர் எதிரில் இருந்த பாறையில் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லாமல் வாயைத் திறந்தார்.

சின்ன டாக்டர் எழுந்து உள்ளே போய் எவர்சில்வர் டப்பாவோடு வந்தார். குட்டிக் கண்ணாடி, கொக்கி, இடுக்கி, பஞ்சு, கிராம்பு எண்ணெய், தற்காலிகமாக அடைக்கும் பசை எல்லாம் வரிசையாக இருந்தன. கையைக் கழுவினார். நெற்றி விளக்கை மாட்டினார். பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது: "வலிச்சா இடது கையைத் தூக்கு."

ஒன்பது வருடம் கழித்து வந்த முதல் வார்த்தை அது. அக்காவும் தங்கையும் கிட்டே வந்து நின்றார்கள்.

"சீழ் இல்ல. வீக்கம் இல்ல. பல்லு நல்லா இருக்கு, ஃபில்லிங்தான் போயிடுச்சு. உள்ள பாதாம் போய் உட்கார்ந்திருக்கு."

பெரிய டாக்டர் மனசுக்குள் சிரித்தார். 'போனது யார் போட்டதாம்?'

"கடைசிப் பல்லு," என்றார் சின்ன டாக்டர். "இது யாரு போட்டது?"

வாயில் கொக்கியை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது அந்தத் தொழிலின் பரம்பரைக் குறும்பு. பெரிய டாக்டரால் "ஆ... ஊ..." என்றுதான் சொல்ல முடிந்தது. கடைசிப் பல்லா? அது மூன்று வருடத்துக்கு முன்னால் சொந்தக் கிளினிக்கில், தன் உதவி டாக்டரை வைத்து, தானே கையில் கண்ணாடி பிடித்து அதிகாரம் பண்ணிப் போடவைத்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

சின்ன டாக்டரின் கை நின்றுவிட்டது. கண்ணாடி கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. அங்கேயே நின்றது.

"டேய்... இந்த வெள்ளி... இது நான் போட்டதுதானே? மூணாம் வருஷம்?"

"ம்."

"அப்படியே இருக்குடா. ஒரு ஓரம்கூடப் போகல." குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "என் முதல் பேஷண்ட் நீதான். அன்னிக்கு என் கை எப்படி நடுங்குச்சு தெரியுமா?"

பெரிய டாக்டர் கொக்கியை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "தெரியாம என்ன? என் வாயிலதானே நடுங்குச்சு."

தங்கைதான் முதலில் சிரித்தார். பிறகு யார் யார் சிரித்தார்கள் என்று கணக்கில்லை. சிரித்ததில் குளிர்காற்று உள்ளே போய், பெரிய டாக்டர் இடது கையைத் தூக்கினார்.

பாதாம் வெளியே வந்தது. பள்ளத்தைச் சுத்தம் செய்து, காயவைத்து, எண்ணெய் தொட்டு, பசை வைத்து அழுத்தி மூடினார் சின்ன டாக்டர். மூடிவிட்டுத் தொழில் முகத்தை வரவழைத்துக்கொண்டு, "கீழ போற வரைக்கும் நிக்கும். ஆறு மாசமெல்லாம் தாங்காது," என்றார்.

பெரிய டாக்டருக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தார். மனைவி பக்கத்தில் நின்று கையுறைகளை மறுபடி வெளியே எடுத்துக்கொண்டிருந்ததால் கம்மென்று இருந்துவிட்டார். கைடு ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, சூடான சூப்பைக் கொடுத்துச் சோதித்து, பிறகுதான் சம்மதித்தார்.

மூன்றாம் நாள் வலி அடியோடு போய்விட்டது என்று எழுதினால் நானும் புளுகியவன் ஆவேன். காற்று பலமாக அடித்தபோதெல்லாம் அது எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்த்தபோதெல்லாம் பெரிய டாக்டர் இடது கையைத் தூக்கினார். பின்னால் வந்த சின்ன டாக்டர், "நிறுத்துங்க!" என்று குரல் கொடுத்தார். வரிசை நின்றது. வலி அடங்கியதும் கை இறங்கியது. வரிசை நடந்தது. பதினோரு தடவை இப்படி. நாலாவது தடவை மனைவி திரும்பி, "யாருக்குங்க டாட்டா காட்டறீங்க?" என்றார். ஏழாவது தடவைக்குப் பிறகு கைடே திரும்பிப் பார்க்காமல் நிற்கப் பழகிவிட்டார்.

கடைசி ஏற்றத்தில் எல்லோரும் ஒதுங்கிக்கொண்டு பெரிய டாக்டரின் மனைவியை முன்னால் விட்டார்கள். அவர் மேலே போய் நின்றார். நாலு பக்கமும் பார்த்தார். பிறகு தொப்பென்று உட்கார்ந்து, "எட்டு மாடியைவிடக் கொஞ்சம் ஜாஸ்திதான்," என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். பெரிய டாக்டரும் அழுதார். கேட்டவர்களிடம் பல்வலி என்றார்.

எல்லோரும் பனிமலைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சின்ன டாக்டர் மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு சகலையின் முன்னால் வந்து நின்றார். புதுமாப்பிள்ளைபோல ஒரு கூச்சம்.

"வாயைத் திறயேன்."

"எதுக்கு?"

"ஒரு போட்டோ. முப்பது வருஷம்டா. யாரு நம்புவா?"

அந்த உச்சியில், அந்தக் காற்றில், பல்வலிக்காரன் எவனும் செய்யாத காரியத்தைச் செய்தார் பெரிய டாக்டர். மஃப்ளரை அவிழ்த்து, சூரியன் பக்கம் திரும்பி, அண்ணாந்து வாயை அகலத் திறந்தார். வலி சுரீரென்று ஏறியது. இடது கை மேலே எழத் துடித்தது. அதை வலது கையால் பிடித்து வைத்துக்கொண்டார்.

"நல்லா விழுந்திருக்கு," என்றார் சின்ன டாக்டர் போனைப் பார்த்துக்கொண்டே. கொஞ்சம் தயங்கினார். "என் கிளினிக்ல மாட்டிக்கலாமா?"

"மாட்டு. வாசல்ல மாட்டு. அந்தப் போர்டுக்குக் கீழ."

"பேஷண்ட் யாருன்னு கேட்டா?"

பெரிய டாக்டர் மஃப்ளரைத் தாடையைச் சுற்றி இழுத்துக் கட்டினார். ஒன்பது வருடமாக உள்ளேயே உட்கார்ந்திருந்தது, சொல்லும்போது ஒன்றும் பெரிதாக வலிக்கவில்லை.

"எதிர் கிளினிக் டாக்டர்னு போடு. ஆறு மாசம்னு சொன்ன வாய் இதுதான்னும் எழுதிடு."