இன்ஜினியர் அத்தானின் வெள்ளித்தாள்

தையல்காரி ஆலை வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய வேன் வாங்கினாள். உள்ளே மெஷினை வைத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போய்த் தைப்பதாகத் திட்டம். முதல் வேலையும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை நர்ஸுகள் விடுதியில் நாற்பது சீருடைகளை அளவு பார்த்துத் திருத்த வேண்டும். வேன் போகவில்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு.

வேனுக்குள் கரண்ட் இழுக்கும் பொறுப்பை அக்காவின் கணவர் தானாகவே எடுத்துக்கொண்டார். நின்றுபோன சுவர்க்கடிகாரத்தை அவர் ஒருமுறை ஓட வைத்தார், பேட்டரி மாற்றியதுதான். அன்றிலிருந்து குடும்பத்தில் அவர் பெயர் இன்ஜினியர்.

வீட்டில் மீந்திருந்த மெல்லிய வயரை வேன் பேட்டரியில் மாட்டி, தகரத்தில் ஆணியால் துளை போட்டு, உள்ளேயிருந்த இன்வெர்ட்டருக்கு இழுத்தார். மெஷின், விளக்கு, இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றையும் போட்டதும் ஃபியூஸ் போயிற்று. மாற்றினார், அதுவும் போயிற்று. ஃபியூஸ் என்பதே விற்பனைக்காகச் செய்த சூழ்ச்சி என்று விளக்கியவர், சாக்லேட் சுற்றிவந்த வெள்ளித்தாளை அதன்மேல் சுற்றிச் செருகினார். ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்து, தன்னைத் தானே மெச்சிக்கொண்டு அணைத்தார்.

ஞாயிறு காலை திறப்பு விழா. ரிப்பன் கட்டி, ஸ்விட்சுகளைப் போட்டு, பேச ஆரம்பித்தார். பேச்சு மின்சாரம் கண்டுபிடித்த காலத்திலிருந்து கிளம்பி அவருடைய பள்ளிப் பருவத்துக்கு வந்தபோது, பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. தையல்காரி ஸ்பேனரோடு ஓடிப் பேட்டரி இணைப்பைக் கழற்றினாள். துளையருகே வயரின் உறை இளகி வழிந்திருந்தது.

"நல்லவேளை, உங்களுக்குச் சுருக்கமா பேச வராது" என்றாள் அக்கா. "இவ ரோட்ல போறப்ப பத்தியிருந்தா?"

மதியம் வண்டி எலக்ட்ரீஷியனான ஒரு பெண்மணி வந்தார். வெள்ளித்தாளை நகத்தால் பிரித்துவிட்டு, சாக்லேட்டைத் தின்றது யார் என்று மட்டும் கேட்டார். இன்ஜினியர் வானத்தைப் பார்த்தார்.

"வயரு தாங்காதுன்னு ஃபியூஸ் ரெண்டு தடவை சொல்லியிருக்கு சார். நீங்க அதோட வாயைக் கட்டிட்டீங்க."

தடித்த வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே அந்த வயருக்கேற்ற ஃபியூஸ், துளைக்கு ரப்பர் வளையம், வயர் ஆடாமலிருக்கக் கிளிப்புகள். இஸ்திரிப்பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். இன்ஜினியர் முதலில் கைகட்டி நின்றார். அப்புறம் டார்ச் பிடித்தார். கடைசியில் வேனுக்கடியில் மல்லாந்துகொண்டு, "இங்க ஒரசுதும்மா, இன்னொரு கிளிப் வேணும்" என்றார். எலக்ட்ரீஷியன் குனிந்து பார்த்து ஆமாம் என்றார். குடும்பம் அறிந்தவரை, இன்ஜினியர் சொல்லிச் சரியாக இருந்த முதல் விஷயம் அது.

திங்கட்கிழமை காலை, அதே ரிப்பன். தையல்காரி எல்லா ஸ்விட்சையும் போட்டுவிட்டு, வயர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"இப்பப் பேசுங்க அத்தான். அவசரமே இல்ல."

அவர் மின்சாரம் கண்டுபிடித்த காலத்திலிருந்து தொடங்கினார். பள்ளிப் பருவம் போயிற்று, கல்யாணம் போயிற்று, சுவர்க்கடிகாரமும் வந்தது. வயர் சூடேறவில்லை. அவள் கையை எடுத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். பேச்சு பாதியில் இருக்க, ரிப்பன் வேனோடு நர்ஸுகள் விடுதிக்குப் போயிற்று.