வலப்பக்கம் ஒரு சாண்

“இந்தா, வலது காதுக்கு இந்தப் பக்கம், ஒரு சாண் தள்ளிப் போச்சு. நேத்தும் அம்புட்டுத்தான், முந்தாநாளும் அம்புட்டுத்தான்.”

“ஏலே, ஒரே குண்டாவா?”

“ஒரே குண்டுதான்க்கா. அத்தான் சுட்டது இன்னும் கீழ விழலை.”

தம்பி சங்கரலிங்கம் இதைச் சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தான். அக்கா பரிபூரணம் அவன் வலது காதைத் தொட்டுப் பார்த்தாள். அவன் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவளுடைய கணவர் காளிராஜ் மில்லில் ஃபிட்டர். மேற்கே மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, பன்றிக் காவலுக்கு லைசென்ஸோடு ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றும் வைத்திருந்தார். அதன் குழல் நுனியில் மிளகளவு பித்தளை மணி உண்டு. குறி பார்ப்பதெல்லாம் அதை வைத்துத்தான். பகலில் அது வெயில் பட்டு மின்னும் என்பதால் விளக்குக் கரியைத் தடவிக் கறுப்பாக்குவார்கள். இரவில் கறுப்பு மணி இருட்டோடு சேர்ந்துவிடும். அதனால் கரியைத் துடைத்து வெற்றிலைச் சுண்ணாம்பை வைத்து வெளுப்பாக்குவார்கள். எதைப் பூசினாலும் மெலிதாகப் பூச வேண்டும் என்பது அந்தப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். 1986 சித்திரையில், உதிர்ந்த பழத்துக்குப் பன்றி இறங்கிய இரவொன்றில், காளிராஜ் அவசரமாக அப்பிய சுண்ணாம்பு மணியின் வலப்புறம் திரண்டு காய்ந்துவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் வாய்க்கால் ஓரம் இரண்டு கண்கள் பளபளத்தன. அவர் பார்வை அந்தத் திரட்சியையே மணி என்று எடுத்துக்கொண்டதில் குழல் இடப்பக்கமாக விலகி நின்றது. சுட்டார். பளபளத்தவை கண்கள் அல்ல. கடைசி டிரிப் முடிந்து அத்தானைப் பார்க்க வந்த சங்கரலிங்கம் வாய்க்காலில் குனிந்து முகம் கழுவுகையில் அவன் சட்டையில் மின்னிய விசிலும் பேட்ஜும். எதிரே இருந்த அவனுக்கு அது வலது காதுப் பக்கமாகப் போனது.

போன குண்டு மலையைச் சுற்றிக்கொண்டு மறுநாள் அந்தியில் திரும்பி வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. பகலெல்லாம் அது சஞ்சீவி மலைக்கு மேலே எங்கோ மிதந்து கிடப்பதாக ஆடு மேய்ப்பவர்கள் சொன்னார்கள். பொழுது அடையும் நேரத்தில் கருவண்டு போல ரீங்கரித்துக்கொண்டு இறங்கி, சங்கரலிங்கம் எங்கே இருந்தாலும் அவன் முகத்துக்கு எதிரே வந்து, வலப்பக்கம் ஒரு சாண் விலகிக் கடந்து போகும். பஸ்ஸின் முன் கண்ணாடியில் அதற்கென்று ஒரு ஓட்டை விழுந்தது. முதலாளி இரண்டு முறை கண்ணாடி மாற்றிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். மாலை டிரிப்பில் கண்டக்டரின் வலப்பக்கம் யாரும் நிற்பதில்லை. சத்தம் கேட்டதும் கீரைக்கட்டுக்காரிகள் பேச்சை நிறுத்தாமலே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

காளிராஜ் நிமிர்ந்த ஆணியைக்கூடத் தட்டாமல் போக மாட்டார். துப்பாக்கியில் கோணலாகச் சுண்ணாம்பு ஒட்டியிருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. நகத்தால் கொஞ்சம் சுரண்டினார். அன்று அந்தியில் குண்டு நாலு விரல் நெருங்கி வந்தது. அக்காளும் தம்பியும் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மதுரைக்குப் போய், துப்பாக்கி ரிப்பேர் செய்யும் சுயம்புலிங்கத்திடம் காட்டினார்கள். அவர் குழலை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது ராத்திரிக் குறியில போன குண்டு. போற குண்டு அந்தக் குறியைப் பாத்துத்தான் போகும். சுண்ணாம்பு இப்படியே கோணலா இருக்கணும்” என்றார்.

துப்பாக்கியையே உடைத்துப் போட்டால் என்ன என்று சங்கரலிங்கம் கேட்டான்.

“உடைச்சிட்டா குண்டு யார் பேச்சைத் தம்பி கேக்கும்?”

வேறு எதையாவது நிரந்தரமாகப் பூசலாமா என்ற யோசனையும் அங்கேயே நடந்தது. மெழுகு சித்திரை வெயிலில் இளகி வழியும். எனாமல் பெயிண்ட் காய்ந்தால் ஒரே ஏடாகப் பெயர்ந்துவிடும். கடிகார முள்ளில் பூசுகிற ரேடியம் இருட்டில் நன்றாக ஒளிரும், ஆனால் மணி முழுக்கச் சமமாக ஒளிரும், கோணல் போய்விடும். கடைசியில் சுண்ணாம்பே மிஞ்சியது. சுண்ணாம்போ மழைக்காலத்தில் காயாமல் நழுவும், கோடையில் வெடித்து உதிரும். தினமும் அந்திக்கு முன் பார்த்து, உதிர்ந்த இடத்தில் மட்டும் வைக்க வேண்டும்.

அந்த வேலையைப் பரிபூரணம் எடுத்துக்கொண்டாள். ஒருமுறை பயம் மிகுந்து கொஞ்சம் கூடுதலாக அப்பினாள். குண்டு அதிகம் விலகி, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ரத்தினம் டீக்கடையின் பாய்லரைத் துளைத்துக்கொண்டு போனது. பக்கத்தில் நின்ற பால்காரர் முட்டிக்குக் கீழே வெந்துபோனார். அன்றிலிருந்து அவள் விரல் அளவு பிசகவில்லை. கல்யாண வீடுகளுக்குப் போனாலும் பாதிப் பந்தியில் எழுந்து வந்துவிடுவாள். காய்ச்சலில் கிடந்த நாட்களில் பக்கத்து வீட்டுப் பெத்தம்மாளைக் கட்டிலருகே உட்கார வைத்து, துப்பாக்கியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தானே சுண்ணாம்பு வைத்தாள். காளிராஜை மட்டும் கூப்பிட மாட்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. குண்டு புறப்படுவதற்கு முன் இரண்டு மாதமாக மச்சினனோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அன்று இரவு அவன் தோப்புக்கு வந்ததே சமாதானம் பேசத்தான். மில் ஷிப்ட் விட்டு, கூட வேலை பார்க்கிறவர்களோடு பஸ் ஏறியபோது, அத்தனை பேருக்கும் முன்னால் சங்கரலிங்கம், “அத்தான், உறவு வீட்டோட. டிக்கெட்ட எடுங்க” என்று சொல்லிவிட்டான். பஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்பை அவர் வீட்டுக்குக் கொண்டு வந்து பல நாள் வைத்திருந்ததைப் பரிபூரணம் பார்த்திருக்கிறாள். வாய்க்கால் ஓரத்தில் அவர் கண்டது பன்றிக் கண்ணா, விசிலா? இரவில் அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டே அவள் விழித்துக் கிடந்தாள்.

மலையடிவாரம் அணில்களுக்கான சரணாலயம் ஆயிற்று. பன்றி சுடுவது நின்றது, தோப்பும் கைமாறியது. துப்பாக்கிக்குச் சுண்ணாம்பைத் தவிர வேறு வேலை இல்லை. 1990-இல் ஆயுத பூஜை வந்தது. மில்லில் கொட்டு மேளத்தோடு பூஜை முடித்து வந்த காளிராஜ், வருடந்தோறும் செய்வது போல வீட்டிலிருந்த ஸ்பேனர், சுத்தியல், அரிவாள், தையல் மிஷின் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துச் சந்தனம் வைத்தார். வரிசையில் துப்பாக்கியும் வந்தது. பரிபூரணம் பொரிகடலையோடு உள்ளே நுழைந்தபோது மணி பளிச்சென்று இருந்தது, உச்சியில் குங்குமம். வெளியே வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது. அவள் தாம்பாளத்தை அப்படியே போட்டுவிட்டுச் சுண்ணாம்பை எடுத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் படியில் நின்றிருந்த சங்கரலிங்கம், குண்டு தன் புருவ மத்தியை நோக்கி வருவதையும், அது மூக்குக்கு முன்னால் தயங்கி நின்று சுழன்றதையும், பிறகு வலப்பக்கம் திரும்பியதையும் பார்த்தான். காது மடலின் கீழ்நுனியை எடுத்துக்கொண்டு போனது.

பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு வந்தவன், “கம்மல் போடணும்னா ஆசாரிட்டப் போயிருப்பேன்லா அத்தான்” என்றான். அவன் ஒருவன்தான் சிரித்தான்.

அவன் போன பிறகு பரிபூரணம் கேட்டாள். “எதுக்குத் தொடச்சிய?”

“கைப்பழக்கம்.”

“கையா, மனசா?”

காளிராஜ் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு துப்பாக்கி அவளுடைய டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று. சாவி இடுப்புக்குப் போயிற்று. அவர் அந்த அறைக்குள் நுழைவதை விட்டுவிட்டார். மாலை பஸ்ஸில் வழக்கமாக வரும் தங்கபாய் என்ற பெண், பிறரைப் போல ஒதுங்காமல் சங்கரலிங்கத்தின் இடப்பக்கம் நெருங்கி நின்றே பழகி, அவனைக் கட்டிக்கொண்டாள். பிறந்த இரண்டு பெண் குழந்தைகளும் அப்பாவின் இடக்கையைப் பிடித்தே நடை பழகின. காளிராஜுக்குத் தலை நரைத்தது. தினமும் அந்தியில் அவர் வாசலில் நின்று, பஸ் வரும் திசையைப் பார்த்தபடி இருப்பார். எதற்காக என்று அவள் கேட்கவில்லை. பயந்தாள்.

1996 தேர்தலுக்குக் கெடுபிடி அதிகமாயிற்று. முந்தைய தேர்தல்களில் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார்கள். இம்முறை லைசென்ஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் ஓட்டு எண்ணி முடியும்வரை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே போனார்கள். துப்பாக்கியைச் சாக்கோடு அவள்தான் இடுப்பில் இடுக்கியிருந்தாள். ஏட்டு தவசிமுத்து அதே பஸ்ஸில் வேலைக்கு வந்து போகிறவர். அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எண்ணெய்த் துணியை எடுத்தவர், மணியைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்தார்.

“இதுதானா அது?” என்றார். “தொடைக்கலைம்மா, பயப்படாதிய. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா. லைசென்ஸ் யார் பேர்ல இருக்கோ அவிய மட்டும் தெனமும் அந்தியில உள்ள போய்ப் பாத்துட்டு வரலாம். வேற ஆளை விட்டேன்னா என் சட்டையக் கழட்டிருவாக.”

லைசென்ஸ் காளிராஜ் பேரில் இருந்தது. ஏட்டு ஆயுத அறையைத் திறந்தார். உள்ளே சுவரோரம் துப்பாக்கிகள் நின்றன. அவற்றின் மணிகள் எல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தன. தூக்கி வந்த குலுக்கலில் சுண்ணாம்பு லேசாக வெடித்திருந்ததைப் பரிபூரணம் அப்போதுதான் கவனித்தாள். சன்னலில் வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. காளிராஜ் துப்பாக்கியை ஏந்தியபடி வாசற்படியில் நின்று, அவள் பக்கம் திரும்பாமல் மற்ற கையை நீட்டினார். விரல்கள் கிரீஸ் ஏறிக் கறுத்திருந்தன.

“பரிபூரணம், சுண்ணாம்பு டப்பாவ எங்கிட்ட குடு.”