அலமாரியில் சக்களத்தி

லிப்ட் மெக்கானிக் வேலை முடிந்து வந்தால் பையை நாற்காலியில் வீசிவிட்டு நேரே கண்ணாடித் தொட்டிக்குத்தான் போவான். "சாப்பிட்டியாடா?" என்று மீனைக் கேட்பான். அதே அறையில் பெண்டாட்டி ஒருத்தி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து திரைச்சீலை தைத்துக்கொண்டிருப்பாளே, அவளைக் கேட்டானா? ஊஹூம்.

கில்லி என்கிற வகை, விரலளவு மீன். நீல வாலை மினுக்கிக்கொண்டு திரியும். தையல்காரி அதற்கு வைத்த பெயர் சக்களத்தி.

"அது ஆம்பளைடி," என்று சிரிப்பான்.

"எதுவா இருந்தா என்ன? என் வயித்தெரிச்சல் எனக்கு."

அதே தொட்டியில் சாம்பல் நிறத்தில் ஒரு பெண்மீனும் இருந்தது. அதை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அதன்மேல் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் பாசம்.

கில்லிக்கு ஆயுசு குறைச்சல். சில மாதத்தில் இரண்டும் போய்ச் சேர்ந்தன. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாலும் அவளுக்கு உள்ளுக்குள் குஷிதான். அன்றைக்கு அவன் அவளைக் கேட்டான், "சாப்பிட்டியா?" அப்பாடா!

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. தொட்டியின் அடியில் கிடந்த தென்னை நார்த்தூளைப் பிழிந்து, கவரில் கட்டி அலமாரியில் வைத்தான். "தொடாதே," என்றான். காரணத்தைச் சொன்னால் நக்கலடிப்பாள் என்று பயம். வேலைவிட்டு வந்ததும் இப்போது அலமாரிதான். செத்த பிறகும் சக்களத்திக்கு இந்த வீட்டில் இடமா? பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், செடிக்காவது ஆகட்டும் என்று ஒருநாள் ராத்திரி அவன் தூங்கியதும் தூளை வாளித் தண்ணீரில் கொட்டி ஊறவைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் வாளியைத் தூக்கினால், தூளுக்கு நடுவே பொடிப்பொடியாக ஏதோ ஓடுகிறது. கொசுப்புழு என்று கவிழ்க்கப் போனவள் உற்றுப் பார்த்தாள். கண்ணும் வாலும். அடி சாம்பல்காரி! தூளுக்குள் முட்டை வைத்துவிட்டா போனாய்? இத்தனை நாள் தண்ணீரில்லாமல் கிடந்தது, தண்ணீர் பட்டதும் பொரிந்துவிட்டதே!

கவிழ்த்தால் தீர்ந்தது. பொரிந்தது அவனுக்குத் தெரியவே தெரியாது. வாளியை லேசாகச் சாய்த்தும் விட்டாள். ஆனால் அந்தச் சாம்பல்காரியை நினைத்ததும் கை வரவில்லை.

வாசலில் சாவிச் சத்தம்.

"இந்தாங்க, என் சக்களத்தி குடும்பம்," என்று வாளியை அவன் முன்னால் வைத்தாள்.

பையோடு குனிந்தான். "பொரிஞ்சிடுச்சா! செல்லங்களா, சாப்பிட்டீங்களா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதுங்க இப்பதான் பொறந்திருக்கு. நான் காலையிலேருந்து பட்டினி. என்னைக் கேளுங்க!"

இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது இதுதான் முதல்தடவை. அவன் பையைக் கீழே வைத்தான். "சாப்பிட்டியா?" என்றான். பிறகு கை கழுவிவிட்டு வந்து இரண்டு தட்டு எடுத்து வைத்தான்.

உட்கார்ந்ததும் அவன் கண் மெல்ல வாளிப் பக்கம் போனது. அவள் காலாலேயே வாளியைத் தன் நாற்காலிக்குப் பின்னால் தள்ளினாள்.